ஷார்ஜாவுக்கும் பாடம் எடுப்பவர்

ஜும்மா முடிந்து ஆண்கள் செருப்புத் தேடிக்கொண்டிருக்கும்போதே சாயிராவின் டி.வி.எஸ். ஃபிப்டி கூனிமேட்டுத் தெருவுக்குள் நுழைந்துவிடும். பர்தாவைச் சக்கரம் தின்றுவிடாதபடி இரண்டு துணிக் கிளிப்புகள். பிரேக் என்று நம்பத்தக்க எதுவும் வண்டியில் இல்லை. நிற்க வேண்டிய வீட்டுச் சுவரைக் காலால் உதைத்தால் வண்டி நிற்கும். அந்தச் சத்தம் கேட்டதும் உள்ளே டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை ஏன் என்றால், அந்தத் தெருவில் குடும்பத் தலைவர்களில் பாதிப் பேர் டெலிபோனுக்குள் குடியிருக்கிறார்கள். வளைகுடாவில் விடுமுறை நாள். மத்தியானம் மணி அடிக்கும். மனைவிக்கு இரண்டு வார்த்தை நலம் விசாரிப்பு, பிறகு பிள்ளைக்கு நீண்ட மார்க்கு விசாரிப்பு. கை எட்டாத கோபத்தையெல்லாம் கம்பி வழியே அனுப்பிவைப்பார்கள். எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் முறையைப் புதுச்சேரியில் படித்து வந்தவர் சாயிரா. பெற்றோர் கூட்டம் போட்டுப் பார்த்தார். அம்மாக்கள் மட்டும் வந்து தலையாட்டிவிட்டு, "அவங்க ஒத்துக்கணுமே" என்று எழுந்துபோனார்கள். அன்றிலிருந்து "அவங்க"ளைத் தேடித் தொலைபேசிக்கே வந்துவிட்டார். அந்த ஊர் டெலிபோன்களில் ஸ்பீக்கர் பட்டன் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

மற்ற நாட்களில் மரக்காணத்தில் வாத்தியார்களுக்குப் பயிற்சி. சுனாமிக்கு அடுத்த வருஷம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீன் வண்டியைவிடப் பயிற்சி வண்டிகள் அதிகம். பயிற்சி என்றால் ஒரு பை, ஒரு பேனா, மத்தியானச் சாப்பாடு, அதற்குப் பின் கண்ணைத் திறந்துகொண்டே ஒரு தூக்கம். சாயிராவின் பயிற்சியில் பை கிடையாது. வடை உண்டு, ஆனால் ஒவ்வொருவரும் தன் வகுப்பில் "மக்கு" என்று ஒதுக்கிய ஒரு பிள்ளைக்கு எது நன்றாக வரும் என்று சொன்ன பிறகுதான். அறிவியல் வாத்தியார் காசிலிங்கம் முதல் நாள் வடை சாப்பிடாமலே பஸ் ஏறினார். மறுநாள் வந்து, "ஹுமான்னு ஒரு பொண்ணுங்க. கதை சொன்னா கிளாஸே கப்சிப். எழுதச் சொன்னாதான் காலி" என்று சொல்லிவிட்டு இரண்டு வடை எடுத்துக்கொண்டார்.

அந்த ஹுமா வீட்டுச் சுவரைத்தான் அந்த வெள்ளிக்கிழமை சாயிரா உதைத்தார். எட்டாவது படிக்கும் பெண். அத்தா ஷஃபி ஷார்ஜாவில் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறார். காலாண்டு மார்க்கைக் கேட்டுவிட்டுப் போன வாரமே தீர்ப்புச் சொல்லியிருந்தார்: படித்தது போதும், அடுத்த போனுக்குள் பள்ளியில் டிசி வாங்கியிருக்க வேண்டும். ஒரு வாரமாக ஹுமா வீட்டில். காசிலிங்கமும் மதிய இடைவேளையில் சைக்கிள் மிதித்து வந்து, விருந்தாளி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

மணி அடித்தது. ஹுமாவின் அம்மா ஆஸிஃபா எடுப்பதற்குள் சாயிராவின் விரல் பட்டனில் இருந்தது.

"டிசி வாங்கியாச்சா?" என்றது ஷார்ஜா.

"அஸ்ஸலாமு அலைக்கும் பாய். நான் சாயிரா."

"நீங்க எதுக்கும்மா நடுவுல? ட்யூஷன் வச்சாச்சு, திட்டியாச்சு. எழுத்து தெரியுது, சேத்துப் படிக்கத் தெரியலன்னா என்னா அர்த்தம்? சோம்பேறி!"

"சோம்பேறித்தனம் இல்ல பாய், அவ மூளை படிக்கிற விதம் வேற" என்பது சாயிராவின் வழக்கமான அடுத்த வாக்கியம். கடல் தாண்டும்போது அது எப்போதும் நனைந்துபோய்விடும். அன்று அதைச் சொல்லாமல், "அங்க போர்டெல்லாம் அரபிலதானே? மதரஸால ஓதினவரு, சட்டுனு படிச்சிடுவீங்க" என்றார்.

ஷஃபி சிரித்தார். "எங்க படிக்கிறதும்மா! ஓதுறப்ப எப்படி உச்சரிக்கணும்னு எழுத்துக்கு மேலயும் கீழயும் குறி இருக்கும். இங்க மொட்டையா எழுதி வச்சிருக்கான். நான் சேத்துப் படிக்கிறதுக்குள்ள பின்னால வர்றவன் ஹாரன் அடிப்பான். அடிச்சான்னா தெரிஞ்சதும் மறந்துடும்."

"அப்பறம் எப்படி கேன் போடறீங்க?"

"ஒரு தடவ யாராச்சும் வாயால வழி சொன்னா போதும். சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"ஹுமாவும் அப்படித்தான். உங்க மக பின்னால ஹாரன் அடிக்கிறது யாரு பாய்?"

இப்போது ஷஃபி லைனை வைத்துவிட்டால் திங்கட்கிழமை டிசி.

காசிலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு டெலிபோனை நோக்கிக் குனிந்தார். "ஸ்கூல்ல அந்த ஹாரன நான்தாங்க அடிச்சினு இருந்தேன். இப்ப வாயால கேள்வி கேக்கறேன். நீங்களே கேளுங்க."

ஹுமாவிடம் திரும்பினார். "கடல் தண்ணி எப்படிம்மா உப்பாகுது?"

"பாத்தியில தண்ணிய நிறுத்துவாங்க சார். வெயில்ல தண்ணி மட்டும் ஆவியாப் போயிடும். உப்பு போவாது, கீழயே படிஞ்சிடும். மழ பேஞ்சா திரும்பக் கரைஞ்சிடும். அதனாலதான் மரக்காணத்துல வாரிக் குமிச்சு ஓலை போட்டு மூடறாங்க."

"ஓலை பொஸ்தகத்துலயே இல்லீங்க" என்றார் காசிலிங்கம், தானே பரீட்சையில் தேறியவர் போல.

"ஆஸிஃபா, டிசி…"

"இன்னும் வாங்கலீங்க."

"வாங்காத!" என்று கத்தினார் ஷஃபி. அப்புறம் அறையில் உடன் தங்கியிருப்பவர்கள் பக்கம் திரும்பி, "டேய், கேட்டீங்களாடா, எம் பொண்ணுடா!" என்றார். அங்கே யாரோ கட்டிலைத் தட்டினார்கள். வேறொரு குரல் குறுக்கே வந்தது: "டீச்சரம்மா, எம் பையன் முதலியார்சாவடியில இருக்கான். அவனும் இதே கேஸ்தான். வச்சிடாதீங்க!" அதற்குப் பின்னால் இன்னொருவர், "ஏம்பா, நானும் பேசணும்பா" என்றார். ஷார்ஜாவில் வகுப்பு நிரம்பிவிட்டது.

ஹுமா ஸ்பீக்கரின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, ஆவியாகப் போன தண்ணீர் மேகமாகி மழையாவதையும் அத்தாவுக்குச் சொல்லத் தொடங்கினாள்.

"திங்கக்கிழமை போவணுமே, யூனிஃபார்ம் பேண்ட்டு கணுக்காலுக்கு மேல ஏறிடுச்சு" என்று ஆஸிஃபா கொடியிலிருந்து அதை எடுத்து வந்தார். சாயிரா வாங்கி, கீழ்மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். உள்ளே இன்னும் துணி இருந்தது. கத்தரிக்கோல் வரும்வரை காத்திருக்காமல், தையலைப் பல்லால் கடித்து இழுத்தார்.