லம்துவான் மறைத்த காயம்

சுமாலியைக் கண்டாலே ஆகாதவர்கள் பாங்காக்கை அடுத்த எங்கள் சோன்புரித் தொழிற்பேட்டையில் ஒரு காலத்தில் நிறையப் பேர். பாதுகாப்பு அதிகாரி என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? கண்ணாடி எங்கே, கையுறை எங்கே, காதடைப்பான் எங்கே என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நச்சரிக்கிற பிழைப்பு. அவள் தூரத்தில் வந்தாலே தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் பிரிவில் ஒருவன் விசிலடித்து, "மாமியா வர்றாடோய்!" என்பான். அவள் அசரவே மாட்டாள். "மாமியாதான். மொதல்ல கண்ணாடியப் போடுடா மாப்ள" என்று சொல்லிவிட்டு நகர்வாள்.

வடகிழக்கே ரோய்எட் பக்கத்துக் கிராமத்திலிருந்து இருபது வயதுகூட ஆகாமல் வந்து சேர்ந்தவள். கார் கதவுகளுக்குக் கீல் செய்யும் தொழிற்சாலை. துளை சரியாக இருக்கிறதா, ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தள்ளும் மேசையில் உட்கார்த்தினார்கள். அந்த வருடமே பிரஸ் பிரிவில் ஒருவனுக்கு முழங்கைக்குக் கீழே போயிற்று. காலையில் ஆளை அள்ளிக்கொண்டு போனார்கள், மதியம் அதே பிரஸ்ஸைக் கழுவிவிட்டு ஓட்டினார்கள். கழுவிய தண்ணீர் அவள் மேசைக்கடியில் ஓடியது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் படித்தாள். கணக்குப் பாடத்தில் கோட் அடித்தாள், அழுதாள், திரும்ப எழுதினாள். தரப் பிரிவில் மேற்பார்வையாளர் ஆனாள். யாரும் தொட விரும்பாத பாதுகாப்பு வேலையையும் அவள் தலையிலேயே கட்டினார்கள். பிரஸ்ஸுக்குத் தடுப்பு வேண்டும் என்று மேலாளரோடு மல்லுக்கு நின்றாள். அவர்களோடு உட்கார்ந்து பசையரிசிச் சோற்றைப் பிய்த்துத் தின்றபடி எல்லோருடைய பிள்ளைகளையும் பெயர் சொல்லி விசாரித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக விசில் நின்று, வாய்க்கு வாய் அக்கா என்றார்கள். வாசலில் விபத்தில்லாத நாட்களைக் காட்டும் பலகையில் எண் ஏறிக்கொண்டே போயிற்று.

நிறுவனத்தின் இரண்டு தொழிற்சாலைகளுக்கும் சேர்த்துத் தரக்கட்டுப்பாடு, பாதுகாப்பு மேலாளர் நாற்காலி காலியானது அப்போதுதான். பாங்காக்கிலிருந்து வருகிற பொறியாளர்கள் மட்டுமே உட்கார்ந்த நாற்காலி. புது வருடம் வரைக்கும் பலகை இறங்காமல் இருந்தால் உனக்குத்தான் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. சுமாலிக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "தங்கச்சிங்களா, தம்பிங்களா, புது வருசம் வரைக்கும் ஒருத்தரும் ஒரு கீறல்கூட வாங்கிடாதீங்க. அக்கா மானம் உங்க கையில!" என்றாள். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். கவனமாக இருங்கள் என்பதைத்தான் அவள் அப்படிச் சொன்னாள். எங்கள் சனங்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தன்னால் அடுத்தவருக்குச் சங்கடம் என்றால் வாய்க்குள் கொழுக்கட்டையை வைத்துக்கொள்ளும் சனங்கள். அதுவும் அவர்களுக்குப் பிரியமானவள் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

மழை ஓய்ந்து குளிர்காற்று வந்த ஒரு திங்கட்கிழமை. கூட்டம் முடியும்போது எல்லோரும் வலது கை ஆட்காட்டி விரலை நீட்டி, "பாதுகாப்பு, சரி!" என்று கத்துவது வழக்கம். அன்று பிரஸ் பிரிவு வரிசையில் லம்துவான் இடது கையை நீட்டினாள். எட்டு வருடமாக அந்த வரிசையில் நிற்பவள், சுமாலிக்கு ஊர்க்காரி, கூடப்பிறக்காத தங்கச்சி. சுமாலி அதைக் கவனித்துவிட்டாள். கூட்டம் கலைந்ததும் கழிப்பறைப் பக்கம் அவளை மடக்கினாள்.

"வலது கையக் காட்டு."

"ஒண்ணுமில்லக்கா. பப்பாளிக்கா சீவும்போது கத்தி பட்டுருச்சு."

"காட்டுடின்னா!"

கையுறையை உருவியபோது லம்துவான் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் வாழைப்பழம் மாதிரி உப்பி, தோல் பளபளவென்று கறுத்திருந்தது. உள்ளங்கைவரை சிவப்பு ஏறியிருந்தது. தொட்டால் கொதித்தது.

"அடிப்பாவி! எத்தன நாளா இப்படி?"

"மாத்திர போடுறேன்கா. கிளினிக்ல ஊசிகூடப் போட்டாங்க. சரியாயிரும்."

சுமாலி அவளை வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, பிரஸ் பிரிவின் தலைவன் தோங்தியிடம் போய் நின்றாள். தோங்தி எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நெசத்தச் சொல்லு தோங்தி. வீட்டுல பட்டதா, இங்க பட்டதா?"

"எதுக்குக்கா கிளறுற? இன்னும் கொஞ்ச நாளுதான."

"இங்கயா?"

"பிரஸ் அச்சோட ஓரம் ஒடஞ்சு தெறிச்சுச்சு. துண்டு விரலுக்குள்ள போயிருச்சு. நாங்கதான் ஊசிய வெச்சு எடுத்தோம். எடுத்துட்டோம்னுதான் நெனச்சோம்." துணியை மடித்து வைத்துவிட்டு, "அவ மட்டும் இல்லக்கா. பிரசித் கால்ல சூடு பட்டுச்சு. பெயிண்டு பக்கம் ஒருத்திக்குக் கண்ணு. எல்லாம் நாங்களே பாத்துக்கிட்டோம். ஒங்கிட்ட யாரும் மூச்சு விடக்கூடாதுன்னு பேசி வெச்சுக்கிட்டோம்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சுமாலி பக்கத்திலிருந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் கட்டிய பலகை. ஆட்களின் உடம்பில் புண்ணாகப் புழுத்துக்கொண்டிருந்தது அந்தப் பலகை. ஐயோ, நான்தானே கேட்டேன், நான்தானே மைக்கைப் பிடித்துக் கேட்டேன் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

நேரே மேலாளர் வீரபோங்கிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான். குளிரூட்டிய அறையில் அவளை உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். "அந்தப் பொண்ணு வாயாலயே வீட்டுல பட்டதுன்னு சொல்லியிருக்கு. நாம ஏம்மா இல்லன்னு சொல்லணும்? மருத்துவம் நல்லாப் பாக்கச் சொல்றேன், என் கையிலேர்ந்து குடுக்குறேன். வெள்ளிக்கிழம தலைமையகத்துலேர்ந்து ஒன்ன நேர்ல பாத்து முடிவெடுக்க வர்றாங்க. இருபத்தஞ்சு வருசமா நீ ஓடுன ஓட்டம் இது. வாசப்படியில வந்து விழாத" என்றார்.

அந்த நேரத்தில் அவர் பேச்சு அவளுக்குத் தேனாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளிவரைதானே. விரல் மருந்தில் ஆறிவிட்டால் யாருக்கு என்ன நட்டம்? அன்று முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. மேசையில் கீல்களை எடுத்துப் பிசிறு பார்த்தாள். எதைப் பார்க்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் மருத்துவமனைக்குப் போனபோது லம்துவானுக்குக் காய்ச்சல் ஏறி, பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது. சிவப்பு முழங்கையைத் தாண்டியிருந்தது. இளம் டாக்டர் ஒருத்தி கட்டிலருகே குழம்பிப்போய் நின்றாள்.

"சமையக்கட்டு வெட்டுக்காயம் இவ்வளவு தூரம் போகாதே. மருந்த மாத்தியும் கேக்கல. மறுபடியும் சொல்லுங்க, நெசமாவே கத்திதானா?"

"கத்திதான் டாக்டர்" என்றாள் லம்துவான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கண் மட்டும் சுமாலியைப் பார்த்தது. சொல்லிடாதக்கா என்று கெஞ்சியது.

சுமாலிக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் நாற்காலி போகும். பலகை போகும், மறைத்தவர்கள் அத்தனை பேருக்கும் புது வருடப் பரிசுப் பணம் போகும், அவள் முகத்தில் காறித் துப்புவார்கள். சொல்லாவிட்டால் இந்தக் கட்டிலில் கிடப்பவள் போவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் யோசித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

"கத்தி இல்ல டாக்டர்" என்றாள் கடைசியில். "எங்க தொழிற்சாலையில பட்டது. இரும்புத் துண்டு. உள்ள இன்னும் இருக்கும். நான் அங்க பாதுகாப்பு அதிகாரி."

டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குச் செருப்படியே தேவலை. உடனே எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். நடுவிரல் எலும்பையொட்டி நகக்கீறல் அளவில் ஒரு துண்டு வெள்ளையாகத் தெரிந்தது. அறுவை அரங்குக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது லம்துவான் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கையைக் காப்பாற்றினார்கள். இரண்டு விரலும் போயிற்று.

மறுநாள் சுமாலி தன் கையாலேயே விபத்து அறிக்கை எழுதி மேலே அனுப்பினாள். மறைத்த மற்றவர்களையும் சேர்த்தே எழுதினாள். வாசல் பலகை பூச்சியத்துக்கு இறங்கியது. வெள்ளிக்கிழமை வந்தவர்கள் அவளிடம் பேசவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் அவள் தட்டோடு வந்து உட்கார்ந்தால் அந்த மேசை காலியாகும். பிரசித் மட்டும் எழுந்து போகிற போக்கில் நின்றான். "ஒனக்காகத்தான மறைச்சோம். எங்களக் காட்டிக் குடுத்துட்டியேக்கா" என்றான். அவள் வாய்வரை கொண்டுபோன கவளத்தைக் கீழே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். லம்துவானுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. வலது கை பெரிய வெள்ளைப் பொதியாகத் தலையணைமேல் கிடந்தது. சுமாலி ஸ்பூனால் ஊட்டினாள். நாலைந்து வாய் ஒழுங்காக வாங்கிக்கொண்டாள்.

"நாற்காலி கெடச்சுதாக்கா?"

"இல்லடி. பாங்காக்லேர்ந்து ஒருத்தர் வர்றாரு."

"அடுத்த வருசம்?"

"இனிமே இல்ல. அத விடு. ஒனக்கு நஷ்டஈடு வரும், வேல போகாது. எல்லாம் எழுதிக் குடுத்துட்டேன்."

லம்துவான் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். பிறகு அவள் முகம் கோணியது. வெட்டி எடுத்த அன்றைக்குக்கூட ஒரு சொட்டு விடாதவள், குழந்தை மாதிரி கேவிக் கேவி அழ ஆரம்பித்தாள்.

"வெரல் போச்சுன்னு டாக்டர் சொன்னப்ப நான் அழலக்கா. அக்காவுக்காகப் போச்சு, போனாப் போகட்டும்னு மனசத் தேத்திக்கிட்டேன். இப்ப அது எதுக்குப் போச்சுன்னு நீயே சொல்லு."

சுமாலி இன்னொரு ஸ்பூன் கஞ்சியை எடுத்து நீட்டினாள். லம்துவான் வாயைத் திறக்கவில்லை.