ஆடிப்பெருக்கில் நட்ட மூன்று வாழை

எங்கள் காலண்டரில் ஆடிப்பெருக்கன்று "திசு வாழை வந்தது" என்று எழுதியிருக்கிறேன். கருங்குழியிலுள்ள எங்கள் நிலத்துக்கு இந்த வருடம் அது ஒன்றுதான் பயிர். ஆய்வகப் புட்டியில், வெயிலும் காற்றும் அறியாமல் வளர்ந்த கன்றுகள். இன்னும் சில வாரம் பச்சை வலையின் நிழலில் வைத்துப் பழக்கிய பிறகே நட வேண்டும் என்று நாற்றுப்பண்ணையில் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் குழி வெட்டியாயிற்று. நாளும் நல்ல நாள். "ஆடிப்பெருக்க வுட்டுட்டு இன்னாத்துக்கு மச்சான் காத்துகினு கீறே? கன்னு இன்னா கைக்கொழந்தையா?" என்றார் என் மனைவியின் அண்ணன். எனக்கும் சரியென்றே பட்டது. மனைவிதான் மறித்தாள். "நாளுக்குன்னு மூணு நட்டுட்டு சூடம் காட்டுண்ணா. மிச்சம் நெழல்லயே கெடக்கட்டும்."

மறுநாள் மாலைக்குள் அந்த மூன்றும் வெந்த கீரைபோலத் துவண்டு கிடந்தன. நானும் மைத்துனரும் சோர்ந்துபோய் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

"மூணோட தப்பிச்சோம் மச்சான். அவகிட்ட நீயே சொல்லிடு, என்னால திட்டு வாங்க முடியாது" என்றார்.

இனி மிச்சக் கன்றுகள் வலைக்கு வெளியே வாடாமல் நின்ற பிறகே நாள் பார்ப்பேன். அந்த மூன்றில் ஒன்றின் அடியில் பச்சையாக ஏதோ தெரிகிறது. துளிரா, களையா என்று இன்னும் உறுதியாகவில்லை.