கடைசியில் ஒரு தட்டு

நகராட்சி பேண்டு குழுவில் இருபத்தாறு வருடமாகப் பித்தளைத் தட்டு அடிப்பவருக்கு ஊரில் தட்டுக்காரர் என்றே பெயர். ஊரில் ஜால்ரா அடித்துப் பிழைப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அதை வேலை உத்தரவிலேயே எழுதி வாங்கியவர் இவர் ஒருவர்தான் என்று முடிதிருத்தும் கடையில் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். கத்தரி காதுக்குப் பக்கத்தில் இருந்தால் மட்டும் சிரிக்க மாட்டார்.

வேலை என்னவோ சின்னதுதான். தேசிய கீதம் மொத்தம் இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. அதில் இரண்டு நிமிடம் முப்பத்தொன்பது விநாடி அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. கடைசி விநாடியில் இரண்டு தட்டையும் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து ஒரே ஒரு அடி. மற்ற மெட்டுகளுக்கெல்லாம் டிரம்மே போதும் என்று பேண்டு மாஸ்டர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள், கையில் இரண்டு கிலோ பித்தளையோடு மூக்கு அரித்தாலும் சொறியாமல் இரண்டரை நிமிடம் நின்று பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

அந்த ஒரு அடி இல்லாவிட்டால் ஊரே தவித்துப் போகும் என்பதுதான் விஷயம். கீதத்தை எழுதியவருக்கு அதை முடிக்க மனசே வரவில்லை போலிருக்கிறது. மூன்று இடத்தில் முடிகிற மாதிரி முடிந்து மறுபடி கிளம்பும். வெளியூர்க்காரர்கள் முதல் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டு, அசடு வழிய எழுந்திருப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் ஏமாற மாட்டார்கள். தட்டு விழ வேண்டும், அப்புறம்தான் உட்காருவார்கள். பேண்டு மாஸ்டரும் அப்படித்தான். குழுவுக்கு முதுகைக் காட்டி, கொடிக் கம்பத்தைப் பார்த்து விறைப்பாக சல்யூட் வைத்தால், தட்டுச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் கையை இறக்குவார். கிளாரினெட்காரரும் தட்டு விழும்வரை கடைசி சுரத்தை விடமாட்டார். ஆக, இத்தனை பேரும் ஒரு மனுஷனின் இரண்டு கையை நம்பித்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக் கட்டடத் திறப்பு விழாவில் தட்டுக்காரருக்குத் தும்மல் வந்தது. தும்மிய வேகத்தில் தட்டும் அடித்துவிட்டது. பாட்டில் இன்னும் இரண்டு வரி பாக்கி. ஆனால் ஊர் மொத்தமும் உட்கார்ந்துவிட்டது, மாஸ்டர் கையை இறக்கிவிட்டார், கிளாரினெட்காரர் வாத்தியத்தைத் துடைக்கவே ஆரம்பித்துவிட்டார். தேசிய கீதத்தைக் குறித்த நேரத்துக்கு முன்பே முடித்துவைத்தது ஏன் என்று விளக்கம் கேட்டு நகராட்சி அவருக்கு ஓலை அனுப்பியது. அவர் ஒரே வார்த்தையில் பதில் எழுதினார்: ‘சளி.’

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் அரசாங்கம் குண்டைத் தூக்கிப் போட்டது. கொடியும் பழசு, கீதமும் பழசு, இரண்டையும் மாற்றலாமா வேண்டாமா என்று ஒரு குழு ஊர் ஊராக வந்து மக்களிடம் கேட்குமாம்.

அவ்வளவுதான், அதுவரை கொடியை நிமிர்ந்துகூடப் பார்க்காதவனெல்லாம் வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிட்டான். கீதத்தில் ஏழு மலைகளைப் புகழ்ந்து ஒரு வரி வருகிறது. அதில் ஒரு மலையை உடைத்து ஜல்லியாக்கி இருபது வருடம் ஆகிறது. இல்லாத மலையை எதற்காகப் பாட வேண்டும் என்றது ஒரு கட்சி. பழைய கீதத்தில் ஒரு எழுத்தைக்கூடத் தொட விடமாட்டேன் என்று தொண்டை கிழியக் கத்தியவர், அந்த மலையை உடைத்த குவாரி முதலாளி. கொடியைத் துவைத்தால் மூன்று நிறமும் சேர்ந்து ஒரே நிறமாகிவிடுகிறது என்பது சலவைக் கடைக்காரரின் குறை. “அப்பன் பேரு பழசாயிடுச்சுன்னு மாத்திப்பியா?” என்று முடிதிருத்துபவர் ஒவ்வொரு தலையிடமும் கேட்டார். கத்தி அவர் கையில் இருந்ததால் அந்தக் கடையில் மாற்றுக் கருத்தே எழவில்லை.

தட்டுக்காரரின் வீட்டிலும் பிரளயம்தான். மனைவியின் தம்பி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். புதுக் கொடி ஒன்றை வரைந்துகொண்டு வந்து கூடத்தில் விரித்தான். பதின்மூன்று நிறம். நடுவில் டிராக்டர், மேலே பறவை, கீழே புத்தகம், ஓரத்தில் ஒரு மீன்.

“மீன் எதுக்குடா?” என்றாள் அக்கா.

“கடலோரத்துல இருக்கறவங்க கோச்சுக்குவாங்கக்கா. யாரையும் விடக் கூடாது பாரு.”

“அப்ப நான் தபால் ஆபீஸ்ல நாள் பூரா நின்னுகிட்டே கடிதம் பிரிக்கிறேன், முட்டி தேஞ்சு போச்சு. என்னை எங்கடா போட்டிருக்க?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “அந்தப் பறவை வாயில ஒரு கவர் குடுத்துடறேன்க்கா” என்று பென்சிலைத் தேடினான்.

தட்டுக்காரர் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. பாட்டு எதுவானால் என்ன, கடைசியில் ஒரு அடி இருக்கத்தானே போகிறது என்று நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதி, மக்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லிக் குழு அனுப்பிய புதிய கீதத்தின் இசைத்தாள் பேண்டு அறைக்கு வந்து சேரும்வரைதான். எல்லாருக்கும் ஆளுக்கொரு தாள் வந்தது. அவருக்கு வரவில்லை.

“என் தாள் எங்க மாஸ்டர்?”

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு எதுவும் இல்லை. “புதுப் பாட்டுல தட்டு இல்லப்பா. மெல்ல மெல்லத் தேஞ்சு மறையணுமாம். இதுக்கு மெட்டுப் போட்ட இசையமைப்பாளர் அப்படித்தான் எழுதியிருக்கார்.”

“அப்ப நான்?”

“பாட்டு பாஸாயிடுச்சுன்னா உன் பதவியை எடுத்துடுவாங்க. குடிநீர்ப் பிரிவுல புகார் கவுன்டர் காலியா இருக்காம்.”

அந்தக் கவுன்டரை ஊரில் எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் வராதவன் வந்து கத்துவான், வந்தவன் கலங்கலாக வந்தது என்று கத்துவான். போன ஆள் ஆறு மாதத்தில் காது கேட்காது என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஓடினார். இருபத்தாறு வருடமாக வாயைத் திறக்காமல் சம்பாதித்த மனுஷனை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தால் என்ன ஆகும்? அவருக்குப் பயமாக இருந்தது. அதைவிட, அந்த ஒரு அடியை இனி அடிக்க முடியாது என்பதைத்தான் தாங்க முடியவில்லை. தன்னால் நன்றாகச் செய்ய முடிந்தது உலகத்தில் அது ஒன்றுதான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

குழு வந்த அன்று காலை நகராட்சி மண்டபத்தில் எள் விழ இடமில்லை. குழுத் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. பொறுமைசாலி. மைத்துனனின் கொடியை முழுதாக ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “தம்பி, இதுல தேதி மட்டும்தான் இல்ல. அதையும் போட்டீங்கன்னா காலண்டரா மாட்டிக்கலாம்” என்றார். அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

முதலில் பழைய கீதம் வாசித்தார்கள். தட்டு விழுந்தது, ஊர் உட்கார்ந்தது. அடுத்தது புதியது. மாஸ்டர் தட்டுக்காரரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “தட்டைக் கையில வச்சுக்கிட்டு சும்மா நில்லு. வரிசையில ஓட்டை தெரியக் கூடாது. ஆனா சத்தம் கித்தம் வந்துச்சு, நாளைக்கே நீ கவுன்டர்லதான்.” சொல்லிவிட்டுக் கொடிக் கம்பத்தைப் பார்த்து சல்யூட் வைத்தார்.

புதிய கீதம் நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மலைக் கணக்கெல்லாம் இல்லை. இதமாகப் போய், தேய்ந்து, கடைசியில் கிளாரினெட் மட்டும் மெல்லிசாக இழுத்துக்கொண்டிருந்தது.

இழுத்துக்கொண்டே இருந்தது.

கிளாரினெட்காரர், மாஸ்டர் கையை இறக்குவார் என்று காத்திருந்தார். மாஸ்டர் வாசிப்பு நிற்கும் என்று காத்திருந்தார். பழக்க தோஷத்தில் இரண்டு பேருமே தட்டுக்காகத்தான் காத்திருந்தார்கள், ஆனால் அது அவர்களுக்கே தெரியவில்லை. ஊர்க்காரர்கள் நானூறு பேரும் தட்டைப் பார்த்தபடி நின்றார்கள். குழுத் தலைவி ஊர்க்காரர்களைப் பார்த்தபடி நின்றார். கிளாரினெட்காரர் மூச்சு முட்டியபோது அவசரமாக இழுத்துக்கொண்டு மறுபடி ஊதினார். குழுவோடு வந்திருந்த இசையமைப்பாளர் முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு, தன் கடைசி சுரத்தின்மேல் இந்த ஊருக்கு இவ்வளவு பிரியமா என்று உருகிக்கொண்டிருந்தார்.

மூன்று நிமிடம் ஆயிற்று. நான்கு ஆயிற்று. மாஸ்டரின் முழங்கை நடுங்க ஆரம்பித்தது. குவாரி முதலாளி ஒரு காலில் நின்று பார்த்தார், பிறகு மறுகாலில் நின்றார்.

டிரம்காரர் உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தார்: “அசையாதே. இன்னும் அஞ்சு நிமிஷம் இப்படியே போகட்டும். இந்தப் பாட்டை அந்தம்மா குப்பையில போட்டுடுவாங்க. உன் வேலை தப்பிச்சுது.”

தட்டுக்காரருக்கும் அது உறைத்தது. உண்மைதானே? தான் எதுவுமே செய்ய வேண்டாம். இருபத்தாறு வருடமாகச் செய்துவந்ததுபோல் சும்மா நின்றால் போதும், பதவி நிலைத்துவிடும். அதுவும் மாஸ்டர் உத்தரவுப்படியே. இவ்வளவு சுலபமாக ஒரு நல்ல காலம் யாருக்கு வாய்க்கும்? அவர் தட்டுகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

அப்போதுதான் மூன்றாவது வரிசையில் மனைவியைப் பார்த்தார். முன்னால் இருந்த நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பாரம் முழுவதும் இடது காலில். நெற்றியெல்லாம் வியர்வை. வலது முட்டி வலிக்கும்போது கீழுதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள், இப்போதும் மடித்திருந்தாள். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்த்ததும் தலையை லேசாக ஆட்டினாள். வேண்டாம் என்று. அடித்துவிடாதே, நான் பொறுத்துக்கொள்கிறேன் என்று.

டிரம்காரர் போட்ட கணக்கை அவளும் போட்டிருந்தாள்.

தட்டுக்காரர் அடித்துவிட்டார். அப்படி ஒரு அடியை அவர் வாழ்நாளில் அடித்ததில்லை. ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. நானூறு பேரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அடுத்த நொடி கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. உட்காரக் கிடைத்த சந்தோஷத்தில் தட்டினார்களே ஒழிய, பாட்டை யார் நினைத்தார்கள்! அது குழுத் தலைவிக்கு எப்படித் தெரியும்? “எத்தனையோ ஊர்ல கேட்டுட்டேன். எல்லா இடத்துலயும் சப்புனு முடிஞ்சுது. இப்படி ஒரு முடிவை எங்கயும் கேக்கல” என்று சொல்லிக்கொண்டே குறித்துக்கொண்டார். இசையமைப்பாளர் ஓடிவந்து தட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு அழுதார். மாஸ்டரின் கையை இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். “நான் தலையை ஆட்டினேனே, பாக்கலையா?”

“பாத்தேன்.”

“அப்புறம் ஏன் அடிச்சீங்க?”

“நீ ஆட்டினதாலதான்” என்றார். அதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் திட்டிக்கொண்டே போய் முட்டிக்குத் தைலம் தேடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதைத் தைலக் காரம் என்று சொல்லிவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. கொடி மாறவில்லை. வந்த நாலாயிரத்துச் சொச்சம் படத்தில் எந்த இரண்டு பேரும் ஒன்றை ஒத்துக்கொள்ளாததால், சாயம் போகாத துணியில் தைக்க வேண்டும் என்று மட்டும் தீர்மானம் போட்டுக் கலைந்தார்கள். சலவைக் கடைக்காரர்தான் அந்த ஊரில் ஒரே வெற்றியாளர். கீதம் மாறிவிட்டது.

தட்டுக்காரர் தன் கதை முடிந்தது என்று கவுன்டருக்குத் தயாரானார். மனைவி சாயங்காலங்களில் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, “நாலு நாளா தண்ணி வரல, என்னய்யா பண்றீங்க?” என்று கத்துவாள். அவர் இந்தப் பக்கம் உட்கார்ந்து, “எழுதிக் குடுங்கம்மா” என்று பழகுவார். பெரும்பாலும் அவருக்குச் சிரிப்பு வந்து கெட்டுவிடும்.

பத்தாவது நாள் இறுதி இசைத்தாள் வந்தது. இந்த முறை அவருக்கும் ஒரு தாள் இருந்தது. முழுத்தாளும் வெள்ளை. அடியில் ஒரே வரி: ‘பித்தளைத் தட்டு, ஒரே அடி. காத்திருக்கும் நேரத்தைத் தட்டுபவரே முடிவு செய்யலாம்.’ அந்த அடி தனக்குக் கனவில் வந்தது என்று இசையமைப்பாளர் பத்திரிகையில் பேட்டி கொடுத்திருந்தார். வரட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்! தட்டுக்காரர் அந்தத் தாளை மடிக்காமல் வீடுவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டே வந்தார்.

புதிய கீதத்தை முதன்முதலாக நாடு முழுக்க ஒரே நேரத்தில் வாசித்தார்கள். மற்ற ஊர்களில் தட்டுக்காரர்கள் ஆளாளுக்குப் பதினைந்து விநாடி, இருபது விநாடி என்று காக்கவைத்துப் பெருமை பார்த்தார்களாம். இவர் மூன்றாவது வரிசையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி பாரத்தை இடது காலுக்கு மாற்றியதும் அடித்துவிட்டார்.

திரும்பி நடக்கும்போது அவள் சொன்னாள்: “நாலு விநாடிதான் விட்டீங்க. ஜனங்க என்ன நினைப்பாங்க?”

“நானே முடிவு பண்ணலாம்னு எழுதியிருக்காங்க.”

அவள் கைப்பையை அவரிடம் கொடுத்துவிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடைபாதைப் படியில் பார்த்து இறங்கினாள்.

“அடுத்த தடவை ரெண்டு போதும்” என்றாள்.