ஏழுமலையின் வறட்சிக் கட்டு

ஏழுமலை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் தலைக்கு டை அடித்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் முடிந்திருந்தது. வலது பக்கத்தில் பிரஷ் வைக்கும்போது என் மகள் நிலா போனோடு ஓடிவந்து சொன்னாள். கைக்குக் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு அப்படியே கிளம்பிவிட்டேன். சாவு வீட்டில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட என் தலையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அழுதார்கள். உயிரோடு இருந்திருந்தால் அவரே முதலில் கேட்டிருப்பார்: "யோவ் மோட்டார், இன்னா ஒரு ஃபேஸ் போயிடுச்சா?"

மோட்டாருக்குக் காயில் கம்பி கட்டுகிறவன் என்பதால் அவர் எனக்கு வைத்த பெயர் அது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருடைய ஜெராக்ஸ் கடை. அதன் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார்டு ஆடிய நமக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேண்டுகோள். இதை அவர் மனைவி சரளா அண்ணிக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டாம்.

ஆட்டத்தை மாடிக்குக் கொண்டுவந்தவள் நிலாதான். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். நம் ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தன் கட்டைத் தானே சேர்த்துக்கொண்டு வரவேண்டும். முதலில் ஊற்றுக் கார்டுகளை முன்னால் வைக்க வேண்டும். ஊற்றில் தண்ணீர் இருந்தால்தான் கையிலிருக்கும் வீரனையோ யானையையோ இறக்க முடியும். நாமெல்லாம் பெரிய பெரிய யானையாகச் சேர்த்தோம். நான் சேர்த்த கட்டில் யானை அதிகமாகி ஊற்றே வராமல், பல ஞாயிறு முழிபிதுங்கி உட்கார்ந்திருக்கிறேன்.

அதைப் பார்த்துத்தான் ஏழுமலைக்கு யோசனை வந்தது. "இவன் தானா காஞ்சுபோறான். மத்தவனை நாம காய வச்சா?" என்றார். சொன்னதும் வறட்சிக் கார்டுகளாகத் தேட ஆரம்பித்தார். எதிராளியின் ஊற்றை வற்றச் செய்யும் கார்டுகள் அவை. அதிகத் தண்ணீர் கேட்கும் வறட்சியைத் தொடவே மாட்டார். குறைந்த தண்ணீரில் இறங்குவதாகப் பார்த்துப் பொறுக்குவார். "அவன் எழுந்து நிக்கிறதுக்குள்ள அடிக்கணும்யா. நின்னுட்டான்னா அப்புறம் வறட்சி எதுக்கு?" சில வறட்சி இரண்டு பக்கத்தையும் காய வைக்கும். அதற்காகத் தன் கட்டில் ஊற்றைக் குறைத்துப் பானைக் கார்டுகளைப் போட்டார். ஊற்று வற்றினாலும் பானையில் இருக்கும் தண்ணீர் போகாது. கல்லூரிப் பையன்கள் இது அநியாயம் என்றபோது, ஜன்னல் வழியாக ராஜகிரிக் கோட்டையைக் காட்டினார். "மேல சுனை இருக்குற வரைக்கும்தாண்டா கோட்டை."

எல்லாம் சேர்த்து முதல் ஆட்டம் என்னோடு ஆடினார். என் ஊற்று எல்லாம் போயிற்று. கை நிறையக் கார்டு, ஒன்றையும் இறக்க முடியவில்லை. அதன்பிறகு அவரும் ஒன்றும் இறக்கவில்லை. டீ வந்தது, போண்டா வந்தது, ஆட்டம் மட்டும் முடியவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஜெயிப்பதற்கென்று ஒரு கார்டுகூட அவர் வைக்கவில்லை! நிலா தலையில் அடித்துக்கொண்டாள். "மாமா, கதவையெல்லாம் சாத்திட்டீங்க. உள்ள போய் அடிக்கிறதுக்கு ஆள் வேணாமா?" அடுத்த வாரம் ஒரே ஒரு ஆமையைச் சேர்த்தார். ஆமை ஒரு சுற்றுக்கு ஒரு கடி கடிக்கும், கடிக்கு ஒரு புள்ளி எதிராளிக்குக் குறையும். அதனிடம் தோற்பது போல அவமானம் உலகத்தில் இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும்.

அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது அதற்கு முன்பே நமக்குத் தெரியும். டயாலிசிஸுக்கு விழுப்புரம் போய்வருவார். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். சின்ன பாட்டில் ஒன்று வைத்திருப்பார். நாக்கை நனைப்பார், மூடி வைப்பார். எதிரில் உட்கார்ந்து என் ஊற்றை ஒவ்வொன்றாக வற்ற வைத்துவிட்டு அந்த மனுஷன் உதட்டை மட்டும் நனைக்கும்போது கார்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வேன்.

ஒருநாள் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். நான் எழுந்து ஃபேனுக்கு நேராக இருந்த நாற்காலியைக் கொடுத்தேன். வந்ததே கோபம். "அமாவாசைக்கு மலையனூர் கோயில் பஸ்ல நிக்க இடமில்ல, அந்தக் கூட்டத்துலயும் எனக்கு எழுந்து சீட்டு குடுக்குறானுங்க. ரேஷன் கடையில முன்னாடி போங்கன்றானுங்க. என் பையன் சண்டைகூட போட மாட்டேன்றான். இங்கயாவது என்னை ஆளா மதிச்சு ஆடுங்கய்யா. எவனாவது விட்டுக் குடுத்தீங்க, கட்டைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிடுவேன்." அப்புறம் நிலாவோடு ஆட உட்கார்ந்தார். அவள் இரக்கமே இல்லாமல் அவரைத் தோற்கடித்தாள். முகமெல்லாம் சிரிப்பாக என்னைப் பார்த்து, "உன் பொண்ணுதான்யா மனுஷி" என்றார்.

கடைசி ஞாயிறு கை வீங்கியிருந்தது. கார்டைக் குலுக்க முடியாமல் மேசையில் பரப்பிக் கலைத்தார். என் ஊற்றெல்லாம் வற்றிவிட்டது. ஆமை கடிக்க ஆரம்பித்தது. அப்போது நான் எடுத்த கார்டு மழை. தண்ணீரே செலவில்லாமல் இறக்கலாம். வற்றிய ஊற்றெல்லாம் திரும்பிவிடும். என் யானைகள் எல்லாம் கையில் காத்துக்கொண்டிருந்தன.

"இன்னாய்யா, எதுனா வந்துச்சா?" என்றார்.

"எங்க வரும்? யானைதான்."

எனக்குப் பின்னால் நின்று நிலா என் கையிலிருந்த மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமை என்னைக் கடித்து முடித்தது. அவர் பாட்டிலைத் திறந்து, அன்றைக்கு மட்டும் ஒரு முழு வாய் குடித்தார். வீடு திரும்பும் வழியில் நிலா கேட்டாள்: "ஏன் நைனா?" வண்டியை ஓட்டினேன். அவர் உடம்பு அப்படி இருந்தது என்று சொல்லலாம். அவர் கேட்டது அதைப் பார்க்காத ஒருத்தனைத்தானே?

அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்த பிறகு, அண்ணி அந்தக் கட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். ரப்பர் பேண்ட் போட்டது, மேலேயே ஆமை. "உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு. அன்னிக்கு ஜெயிச்சுட்டு வந்து ராவெல்லாம் அதே பேச்சு. 'மோட்டார் மட்டும்தான் சரளா என்னை நோயாளியா பாக்கல, முழுசா ஆடுனான், முழுசா தோத்தான்'னு சொன்னாரு. நெஜமாவே நல்லா ஆடுனாரா அண்ணா?"

நிலா என்னைப் பார்த்தாள்.

"அசத்திட்டாரு அண்ணி" என்றேன். கட்டு இப்போது என் பட்டறை அலமாரியில் இருக்கிறது. பிரித்து ஆட மனம் வரவில்லை. அன்று என் கையில் மழை இருந்தது என்று நான் சொல்லவில்லை.