அம்மாவின் பலகைக்கட்டை

அந்தப் பலகைக்கட்டை ஒரு சாண் உயரம்கூட இல்லை. அம்மா அதை வெங்காயப் பாத்தியின் ஓரத்தில் போட்டு உட்கார்ந்து புல் பிடுங்குவார். முடிந்ததும் ஒரு கையால் அதை இழுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்கு நகர்வார். வாதத்தால் இடுப்பு மூட்டுத் தேய்ந்து, குந்தியிருக்க முடியாமல் போன பிறகு வந்த பழக்கம் அது. எழும்பும்போது முனகமாட்டார். கீழுதட்டைப் பற்களால் கடித்துக்கொள்வார். அந்த உதட்டைப் பார்த்தே அன்றைய நோவு எவ்வளவு என்று எனக்குத் தெரிந்துவிடும்.

தேய்ந்த மூட்டை மாற்றத்தான் வேண்டும் என்று டொக்டர் முதல் முறையே சொல்லிவிட்டார். எப்போது என்பதை மட்டும் அம்மாவிடம் விட்டார். "தாங்கேலாமப் போனால் சொல்லுங்கோ, செய்வம்." அதைப் பிடித்துக்கொண்டு அம்மா நாளைக் கடத்தினார். வெங்காயம் கிண்டி முடியட்டும் என்றார். பிறகு பிள்ளையார் கோயில் திருவிழா வந்தது. பிறகு மழை. ஒவ்வொரு முறையும் என் நெஞ்சும் லேசாகும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துப் பல்கலைக்கழகம் வரை போனவள் நான் ஒருத்திதான். சத்திரசிகிச்சை பற்றி அகப்பட்டதையெல்லாம் வாசித்தேன். இரத்தம் கட்டிப்போவது, கிருமி தொற்றுவது, மயக்கத்திலிருந்து எழும்பாமலே போவது. வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கு ஒரு பயம் என்றால் எனக்கு நூறு. மிகவும் பிந்தினால் தசை வற்றி நடையே போய்விடலாம் என்பதையும் வாசித்திருந்தேன்.

அடுத்த முறை கிளினிக்கிற்குப் போக, கோயிலுக்குக் கட்டும் சேலையை அம்மா எடுத்தார். ஊன்றுதடியை ஓட்டோவிலேயே விட்டுவிட்டார். பெரிய மனிதருக்கு முன்னால் நொண்டிக்கொண்டு போவது மரியாதை இல்லையாம். டொக்டர் நடந்து காட்டச் சொன்னதும், கல்யாண வீட்டுக்குள் நுழைபவர்போல நிமிர்ந்து நடந்தார்.

"நித்திரை வருதோ அம்மா?"

"ஓம் ஐயா, நல்லா வரும்."

"நோவு?"

"அது சும்மா, கொஞ்சம்தான்."

டொக்டர் பேனையை மூடினார். "அப்ப மழை முடியட்டும், பாப்பம்."

அம்மாவின் கீழுதடு பற்களுக்கிடையில் இருந்தது.

"அவ பொய் சொல்லுறா டொக்டர்," என்றேன். "திரும்பிப் படுக்கேலாது. செருப்புக்கூட நான்தான் போட்டுவிடுறன்."

அம்மா என்னை முறைத்தார். "உன்னைப் படிப்பிச்சது ஆக்களுக்கு முன்னாலை என்னைக் காட்டிக்குடுக்கவோ?"

டொக்டர் சிரித்துக்கொண்டே மறுபடி பேனையைத் திறந்தார். அம்மா சிரிக்கவில்லை. வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தபோதுதான் மெல்லச் சொன்னார்: "எனக்குப் பயமாக் கிடக்கு பிள்ளை."

"எனக்கும்தான் அம்மா."

அவர் என் கையை விடவில்லை. சத்திரசிகிச்சை அன்று தியேட்டர் கதவு மூடியபோது வாசித்த எதுவுமே என் நினைவில் இல்லை. அவர் எழும்பாவிட்டால் அது என் வாயால் வந்தது என்ற ஒரே எண்ணம்தான்.

எழும்பினார். இப்போது தடியில்லாமல் வேலிவரை நடக்கிறார். ஆனால் குந்தக்கூடாது, பதிவான, உயரமில்லாத இருக்கையில் இருக்கக்கூடாது, புது மூட்டு விலகிவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதனால் வெங்காயப் பாத்தியின் ஓரத்தில் உயரமான கதிரையில் அம்மா. பலகைக்கட்டையில், கந்தோரில் வேலை முடித்து வந்த களைப்போடு நான்.

"உது புல்லோ, வெங்காயத்தாளோ? கம்பசிலை உதையும் படிப்பிச்சிருக்கலாம்."

நான் அடுத்த புல்லைப் பிடுங்குகிறேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதிரை கிரீச்சிடுகிறது.

"எழும்பு பிள்ளை. ஒரு பாத்தி பிடுங்கிக் காட்டுறன்."

அம்மாவின் கண் பலகைக்கட்டையிலேயே இருக்கிறது. என் கால் விறைத்துவிட்டது. ஆனாலும் எழும்பப் பயமாக இருக்கிறது.