ராஜாத்தியின் பதிலையும் நானே சொன்னேன்

போன வாரம் நான் வேலை பார்க்கும் தாதியர் கல்லூரிக்குப் புதிதாக ஒரு நோயாளி வந்திறங்கினார். பிளாஸ்டிக் நோயாளி. கண் சிமிட்டுகிறார், இருமுகிறார், கையைப் பிடித்தால் நாடி துடிக்கிறது. பக்கத்து அறையில் ஒருவர் மைக்கில் முனகினால் இவர் வாயிலிருந்து முனகல் வருகிறது. பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு தாள் கொடுத்தோம். இதை உண்மையான நோயாளியிடம் செய்ய எவ்வளவு தன்னம்பிக்கை இருக்கிறது, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிடு என்று. எல்லாம் ஐந்து. ஒரே ஒரு பெண் மட்டும் இரண்டைச் சுற்றியிருந்தாள். அந்தத் தாளோடு கொஞ்ச நேரம் பொம்மைக்கு அருகில் நின்றேன். புது ரப்பரும், ஒட்டாமலிருக்கத் தூவிய பவுடரும் கலந்த வாசனை. அந்த வாசனை இருக்கிறதே, அது என்னை நேராக ராஜாத்தியிடம் கொண்டுபோய் விட்டது.

ராஜாத்தி எங்கள் காலத்துப் பொம்மை. எண்பதுகளின் பிற்பகுதி. கிள்ளான் பக்கம் ஒரு பயிற்சிப் பள்ளி. பெயர் எதற்கு, விடுங்கள். மூக்கில் சாயம் போன, ஒரு கை மட்டும் அடிக்கடி கழன்று விழுகிற ரப்பர் உடம்பு. பரீட்சை மலாய் மொழியில் என்பதால் அவளிடம் மலாயில்தான் பேச வேண்டும். அவள் எங்களுக்கு ‘மக்சிக்’, அதாவது அத்தை. மலாய் உடுப்பு மாட்டிய அந்த அத்தைக்கு ராஜாத்தி என்று பெயர் வைத்தது தமிழ்ப் பிள்ளைகளான நாங்கள்தான். ஊசி குத்திப் பழக அவள் தோதுப்பட மாட்டாள். அதற்குச் சீனப் பெருநாள் முடிந்து மலிவாகக் கிடைக்கும் ஆரஞ்சுப் பழங்கள். சிரிக்காதீர்கள், குத்திய பழத்தை மறந்துபோய் உரித்துத் தின்றவள் நான். எதையும் சட்டென்று செய்து முடிக்கிற ஆள் என்று எனக்கு அப்போது ஒரே பெருமை.

ராஜாத்தியிடம் செய்ய வேண்டியவை ஒரு பட்டியலாக இருந்தன. வணக்கம் சொல், திரையை இழு, கையைக் கழுவு, மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். பத்து நிமிடம். ராஜாத்தி பேசமாட்டாள் அல்லவா, அதனால் கேள்வியையும் பதிலையும் நாங்களே சொல்லிக்கொள்வோம். “மக்சிக், அடா அலாஹான் உபாட்? தாக் அடா.” ஒத்துக்காத மருந்து உண்டா, இல்லை. ஒரே மூச்சு. ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம். நான் ஏழு நிமிடத்தில் முடிப்பேன்.

செல்விக்குப் பத்து நிமிடம் போதாது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வந்தவள். ஹாஸ்டலில் எனக்குப் பக்கத்துக் கட்டில். கேள்வியைக் கேட்டுவிட்டு ராஜாத்தியின் முகத்தைப் பார்த்தபடி நிற்பாள். நின்றுகொண்டே இருப்பாள். வகுப்பு முழுக்கச் சிரிக்கும். எங்கள் ட்யூட்டர் சிஸ்டர் கிரேஸ் கடிகாரத்தைத் தட்டுவார்.

“ஏய், அது பொம்மை லா. வாயத் தொறக்கும்னா நிக்கிற?”

“இல்ல சிஸ்டர்.”

“அப்புறம்? உனக்குக் கான்ஃபிடென்ஸ் இல்ல, அதான். இவளப் பாரு, எப்படி டக்கு டக்குன்னு செய்யிறா.”

இவள் என்றது என்னை.

இரண்டாம் ஆண்டில் எங்களை வார்டுக்கு அனுப்பினார்கள். ஒரு காலை, ரப்பர் தோட்டத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து படுத்திருந்தார். அஞ்சலை என்று பெயர். காலில் ஆணி குத்திச் சீழ் பிடித்திருந்தது. பென்சிலின் போடச் சொல்லி டாக்டர் எழுதிவிட்டுப் போய்விட்டார். விவரம் கேட்டு எழுதுவது நான். தட்டு பிடிப்பது செல்வி. ஸ்டாஃப் நர்ஸ் வந்து பக்கத்தில் நிற்க, ஊசியை நான் போட வேண்டும். உண்மையான கையில் என் முதல் ஊசி. ஆனால் வாய் தயாராக இருந்தது. மல்லிகைப்பூ வைத்த, நெற்றி நிறையத் திருநீறு பூசிய அந்த அம்மாளிடம் நான் கடகடவென்று மலாயில் பேசினேன். மக்சிக் என்று கூப்பிட்டேன். “அடா அலாஹான் உபாட்? தாக் அடா.” அவர் சிரித்தபடி தலையாட்டினார். ‘இல்லை’ என்று எழுதினேன். சுத்தமாக, அழகாக.

செல்வி தட்டோடு ஓரடி முன்னால் வந்தாள்.

“அக்கா, எப்பவாச்சும் ஊசி போட்டு ஒடம்புக்கு ஒத்துக்காமப் போயிருக்கா?”

கேட்டுவிட்டு நின்றாள். ராஜாத்தி முன்னால் நிற்பாளே, அப்படியே.

“கேட்டாச்சுடி,” என்று பல்லைக் கடித்தேன். “ஸ்டாஃப் நர்ஸ் வந்துருவாங்க.”

அவள் அசையவில்லை. அஞ்சலை மின்விசிறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மெதுவாக ஆரம்பித்தார். தோட்டத்தில் நர்சுக்கு ‘மிஸி’ என்றுதான் பெயர்.

“சின்னவன் பொறந்தப்ப கிளினிக்குல ஒன்னு போட்டாங்க மிஸி. மூஞ்சி வீங்கி மூச்சு நின்னு போச்சு. பொழச்சதே பெருசு. அதுலேருந்து தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஒரு சீட்டு குடுத்து வச்சிருக்காரு.”

இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தார். நான்காக மடித்த, மடிப்பில் கிழிந்த காகிதம். சிவப்பு மையில் பென்சிலின் என்று எழுதி அடியில் இரண்டு கோடு.

என் கையிலிருந்த மருந்துக்குப்பியை மேசையில் வைத்தேன்.

“ஏன்க்கா முன்னாடியே சொல்லல?” என்றேன். கோபமாகத்தான் கேட்டேன், நம்புங்கள், அவர்மேல் கோபம்.

“மிஸியே கேட்டு மிஸியே சொல்லிட்டீங்க. படிச்சவங்க, தெரிஞ்சுதான் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.”

‘இல்லை’யை அடித்துவிட்டுச் சிவப்பில் எழுதினேன். அதற்குள் ஸ்டாஃப் நர்ஸ் வந்துவிட்டார். சீட்டைப் பார்த்தார், குறிப்பைப் பார்த்தார், என் கையெழுத்தைப் பார்த்தார். “நல்ல வேள கேட்ட. இல்லன்னா இன்னைக்கு என்ன ஆயிருக்கும்!” என்று என் தோளைத் தட்டினார். செல்வி தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ‘நான் இல்லை, அவள்தான்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எதையும் சட்டென்று செய்கிறவளுக்கு அது மட்டும் வரவில்லை.

அடுத்த மாதம் செய்முறைப் பரீட்சை. செல்வி ஏற்கெனவே இரண்டு முறை தவறியிருந்தாள். மூன்றாவதும் போனால் வீட்டுக்குத்தான். கண்டீனில் மீ கோரெங் தின்றபடி அவளுக்குப் பாடம் எடுத்தேன்.

“கேட்டுட்டு நிக்காதடி. பதிலையும் நீயே சொல்லிட்டுப் போய்க்கிட்டே இரு. பொம்மைதான?”

“பொம்மைகிட்ட நிக்கப் பழகலன்னா ஆளுகிட்டயும் நிக்கமாட்டேன் லா. எனக்கு என்னைத் தெரியும்.”

“அப்ப ஃபெயிலாயிருவ.”

“நீ வேணா சிஸ்டர்கிட்ட சொல்லேன், வார்டுல நின்னதால என்ன ஆச்சுன்னு.” சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். சொல்கிறேன் என்றேன்.

சிஸ்டர் கிரேஸின் அறைவாசல்வரை போனேன். உள்ளே அவர் யாரிடமோ, வார்டில் ஓர் உயிரைக் காப்பாற்றிய மாணவி என்று என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

பரீட்சையிலும் ராஜாத்தியிடம் கேட்டுவிட்டுச் செல்வி நின்றாள். நேரம் முடிந்தது. பலகையில் ஒட்டிய பட்டியலில் என் பெயர் மேலே இருந்தது. அவள் பெயர் இல்லை. அவளைப் பற்றிய அறிக்கையில் ‘தன்னம்பிக்கை போதாது’ என்று எழுதியிருந்ததாம். பெட்டியைக் கட்டும்போது உதவினேன். பஸ் நிறுத்தம் வரை பெட்டியைத் தூக்கி வந்தவள், பஸ் வருவதைப் பார்த்ததும் திரும்பினாள்.

“சிவப்பு மையில உன் கையெழுத்து ரொம்ப நல்லா இருந்துச்சுடி.”

அவ்வளவுதான். ஏறிவிட்டாள்.

சிஸ்டர் கிரேஸ் ஓய்வுபெற்று, சீக்கிரமே இறந்தும் போனார். அதற்கப்புறம்தான், தொண்ணூறுகளில் ஒரு நாள், துணிச்சல் வந்து பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். கடிதம் எழுதச் சொல்லிச் செல்வி கொடுத்திருந்த கதவு எண் மனப்பாடம். கதவு இல்லை. அந்த வரிசையே இல்லை. நீளத்துக்குத் தகர வேலி, அதன் பின்னால் மண்வாரி இயந்திரங்கள். எதிரே ஒட்டுக்கடையில் வடை சுட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் விசாரித்தேன்.

“எல்லாம் கெளம்பிட்டாங்க லா. கொஞ்ச பேரு செலாயாங்கு, கொஞ்ச பேரு ஸ்ரீ கெம்பாங்கான். ரயில் கார்டு வீட்டுப் பொண்ணு செல்விதான? எப்பவாச்சும் வரும், வட வாங்கும். பாத்தா என்னன்னு சொல்லட்டும்?”

ஜல்லிக்கரண்டியைச் சட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை. எண்ணெய் புகைந்தது, பின்னால் நின்றவர் “அக்கா, ரெண்டு வட” என்றார், அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு இன்னும் காத்திருந்தார்.

“ஒன்னுமில்லக்கா. சும்மா பாக்க வந்தேன்.”

மறுவருஷம் போனபோது அந்த ஒட்டுக்கடையும் இல்லை. தகர வேலி சாலையின் இந்தப் பக்கம் வரைக்கும் வந்திருந்தது.