அப்பா பாண் சுட்ட இலையுதிர்காலம்

மொன்றியலில் ஜூலை முதலாம் திகதி என்றால் ஊரில் பாதிப்பேர் வீடு மாறுவார்கள். தெருவெல்லாம் மெத்தைகளும் மேசைகளும் வந்து நிற்கும். எனக்கு ஒன்பது வயதாயிருந்த ஆண்டில் அப்பாவின் நண்பர் ஒருவர், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்களுக்கு அடுத்த தெருவுக்குக் குடிவந்தார். அவருடைய சோபாவைத் தூக்கிக்கொண்டு வெளிப்படிக்கட்டில் ஏறியபோது அப்பா கால் தவறி விழுந்தார். சோபாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அப்பாவின் இடது மணிக்கட்டு உடைந்துபோனது.

கோடை முழுவதும் கை பிளாஸ்டர் கட்டுக்குள் இருந்தது. தம்பியும் நானும் அதில் மீனும் கப்பலும் கீறி மகிழ்ந்தோம். கட்டைக் கழற்றிய பிறகுதான் வீட்டுக்குள் பயம் வந்தது. உள்ளேயிருந்து வந்த கை மெலிந்து வெளிறி, வேறு யாரோ ஒருவருடையதுபோல் இருந்தது. விரல்கள் மடங்க மறுத்தன. சட்டைப் பொத்தானை அம்மா பூட்டிவிட வேண்டியிருந்தது. இரும்புப் பட்டறை வேலைக்குத் திரும்புவது பற்றி யாரும் பேசவில்லை. அப்பா அந்தக் கையைச் சுவெற்றர்ப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தால் நாங்கள் வரும்போதும் யன்னலருகே அதே கதிரையில் இருப்பார். வெளியே மேப்பிள் மரங்கள் சிவந்துகொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்த்தாரா என்பது சந்தேகம்தான்.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் அப்பாவை அனுப்பினார்கள். அப்பாவின் பிரெஞ்சு பால் வாங்கப் போதும், பஸ் ஏறப் போதும். விரல்களைப் பற்றிக் கதைக்கப் போதாது. ஆகவே நான் மொழிபெயர்ப்பாளராகப் போனேன். அந்தப் பெண் மிக வேகமாகக் கதைத்தார். அந்த வேகத்தில் எனக்கு ஒரு சொல்தான் கையில் அகப்பட்டது: 'பாத்'. அது எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். வகுப்பில் பிஸ்கற் செய்தபோது, குழைத்த மாவை ஆசிரியை அப்படித்தான் சொன்னார்.

"அப்பா, ஒவ்வொரு நாளும் மா குழைக்கட்டாம்."

"மாவோ?"

"ஓம். பாணுக்குக் குழைக்கிற மாதிரி."

அப்பா அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவர் கையால் பிசைந்து காட்டித் தலையை ஆட்டினார். "அப்ப சரி," என்றார் அப்பா.

அந்தப் பெண் சொன்னது, நோயாளிகள் கையால் பிசைவதற்கென்று விற்கிற, களிமண் போன்ற ஒரு பொருளை. பிரெஞ்சில் அதற்கும் அதே சொல்தான். இது எங்களுக்குத் தெரியவந்தபோது வீட்டில் ஒரு மூட்டை மா முடிந்திருந்தது.

அதுவரை எங்கள் வீட்டு அடுப்பின் கீழிருந்த அவணுக்குள் தாச்சிகளும் பெரிய சட்டிகளும்தான் குடியிருந்தன. அம்மா அவற்றை வெளியே எடுத்துக் குளியலறைக்குப் பக்கத்தில் அடுக்கினார். அப்பா சமையலறை மேசையில் மாவைக் கொட்டி, இடது கையை அதற்குள் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு குழைத்தார். நெற்றியில் வியர்வை அரும்பியது. வந்த முதலாவது பாண் பலகைபோல் இருந்தது.

"இதைக் கதவுக்கு முண்டு குடுக்கலாம்," என்றார் அம்மா.

அப்பா சிரித்தார். கோடைக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

பாண் மெல்ல மெல்லப் பாணாகியது. குழைத்த மாவை ஈரத்துணியால் மூடி ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தால் பொங்கும் என்று அப்பா கண்டுபிடித்தார். மாதாகோயில் ஆட்களோடு அப்பிள் பிடுங்கப் போய்க் கொண்டுவந்த பழங்கள் வாடத் தொடங்கியபோது, அவற்றை நறுக்கிக் கறுவாவும் சீனியும் சேர்த்து உள்ளே வைத்து, பணிஸ் என்கிற சின்ன இனிப்புப் பாண்கள் சுட்டார். பயிற்சிப் பெண்ணுக்கும் இரண்டு கொண்டுபோனோம். அன்றுதான் என் மொழிபெயர்ப்பின் கதை வெளிவந்தது. அவர் கண்ணில் நீர்வரச் சிரித்தார். பிறகு அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு, மாவையே குழைக்கச் சொல்லு, நிறுத்தவேண்டாம் என்றார். அதை மட்டும் நான் சரியாக மொழிபெயர்த்தேன்.

ஒக்டோபர் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பூசை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு, மழை பெய்துகொண்டிருந்தது. பணிஸ் தட்டை அவணுக்குள் வைத்துவிட்டு அப்பா மேசையைத் துடைத்தார்.

"இப்ப விரல் மடங்குதோ?" என்று அம்மா கேட்டார்.

"மடங்குது. சின்ன விரல்தான் சண்டித்தனம் பண்ணுது."

 அம்மா கதிரையொன்றை இழுத்துக்கொண்டு அறைக்குள் போனார். அங்கே அலுமாரிக்கு மேலே ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதற்குள் பாஸ்போட்டுகள் இருப்பதாகத்தான் தம்பியும் நானும் நினைத்திருந்தோம். அம்மா அதை இறக்கிவந்து, மேசைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே ஒரு வயலின். ஒரு தந்தி அறுந்து சுருண்டுகிடந்தது.

"எத்தினை வருசம்," என்றார் அப்பா. "எல்லாம் மறந்துபோச்சு."

"சும்மா தொட்டுப் பாருங்கோ. விரலுக்குத்தானே பயிற்சி. உங்களுக்கில்லையே."

"கையெல்லாம் மா."

"கழுவிப்போட்டு வாங்கோ."

அப்பா வயலின் வாசிப்பார் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அவர் யாழ்ப்பாணத்தில் கோயில் பாடகர் குழுவுக்கு வாசித்ததையும், அவருக்குப் பிறகு கனடாவுக்கு வந்த அம்மா அந்தப் பெட்டியை விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததையும், இரண்டு வேலைக்கு நடுவில் அது அலுமாரிமேல் ஏறியதையும் பிற்பாடுதான் அறிந்தேன்.

அப்பா நெடுநேரம் தந்தி முறுக்கும் ஆணிகளைத் திருகினார். பிறகு வில்லை வைத்து இழுத்தார். எண்ணெய் காணாத கதவுபோல் ஒரு சத்தம் வந்தது. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அப்பாவும் சிரித்து வயலினைக் கீழே வைக்கப் போனார்.

"இன்னொருக்கா," என்றார் அம்மா. அவர் சிரிக்கவில்லை.

இன்னொருக்காவும் கதவுதான். அதற்கடுத்த முறை, கதவுக்குப் பின்னாலிருந்து ஏதோ ஒன்று வந்தது. அது ஒரு மாதா பாட்டு. பூசையில் எத்தனையோ தரம் கேட்டது. ஆனால் சமையலறையில், மூன்றே தந்திகளில், அப்பாவின் தாடைக்குக் கீழிருந்து அது எழுந்தபோது நான் மூச்சுவிட மறந்து நின்றேன். பொத்தான் பூட்டத் தெரியாத விரல்கள் அவை. இப்போது ஒன்றையொன்று துரத்திக்கொண்டு தந்திமேல் ஓடின, தவறி விழுந்தன, எழுந்து திரும்பவும் ஓடின. அப்பாவின் முகம் எனக்குத் தெரியாத ஒரு இளைஞனின் முகமாயிருந்தது. கூப்பிட்டால் திரும்புவாரோ என்று பயந்தேன். தம்பியும் சிரிப்பை நிறுத்தி வாயைத் திறந்தபடி இருந்தான்.

அவணிலிருந்து புகை வந்தது. பெரியவர்கள் இருவரும் அதைக் கவனிக்கவில்லை. கூரையிலிருந்த அபாயமணி அலறத் தொடங்கியது. அப்பா அந்த அலறலுக்குள்ளும் பாட்டைக் கடைசி வரிவரை கொண்டுபோய் முடித்த பிறகுதான், அம்மா ஓடிப்போய் அவணை நிறுத்தி யன்னல்களைத் திறந்தார். நான் கதிரைமேல் ஏறித் துவாயை வீசி மணியை அடக்கினேன். இலையும் மழையும் மணக்கிற குளிர்காற்று உள்ளே வந்தது.

இறங்கிப் பார்த்தபோது அம்மா அழுதுகொண்டிருந்தார். புகை போன பிறகும் அழுதார். ஏனென்று எனக்கு உடனே விளங்கியது. கடைசி வரியில் ஒரு சுரத்தை அப்பா நீட்டி நிறுத்தியபோது, அவருடைய விரல் தந்திமேல் நடுங்கியதை நானும் கண்டிருந்தேன்.

"அழாதேங்கோ அம்மா," என்று அவர் கையைப் பிடித்தேன். "விரல் கொஞ்சம்தானே நடுங்குது. இன்னும் கொஞ்ச நாள் பாண் சுட்டால் நிண்டிடும்."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு மேசைக்கு அந்தப்பக்கம் திரும்பினார்.

"கேட்டியளே? உங்கட விரல் நடுங்குதாம்."

அப்பா தன் இடது கையைத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறியதால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

சுரத்தை நீட்டும்போது வாசிப்பவர் விரலை வேண்டுமென்றே அசைப்பார், அந்த அசைவில்தான் அது மனிதக்குரல்போல் பாடும் என்பது எனக்குத் தெரியாது. உடைந்து விறைத்த ஒரு கைக்கு அது கடைசியாகத்தான் திரும்பிவரும், வராமலும் போகலாம் என்பதும் தெரியாது. இரண்டு பேருக்கும் ஆறுதல் சொல்லிவிட்ட திருப்தியில், கருகாத பணிஸ் ஒன்றாவது மிஞ்சியிருக்கிறதா என்று தட்டில் தேடினேன்.